காவலன் வீட்டில் குடிபுகுந்த கள்வன்

கள்வருக்கு அஞ்சி ஊரார் காவற்காரனை அமர்த்துகிறார்கள். அந்தக் காவற்காரனுடைய வீட்டிலேயே கள்வன் குடிபுகுந்து, அவன் சோற்றையே தின்று பெருகினால் ஊரின் கதி என்னாகும்? இது கதை சொல்வோர் புனைந்த நிகழ்ச்சியன்று. காசநோய்க் கிருமி மனித உடலில் நடத்தும் வாழ்க்கை இதுவே. நோய்க் கிருமிகளைப் பிடித்துக் கொல்வதற்கென்றே நம் உடலில் சில உயிரணுக்கள் இருக்கின்றன. அவற்றுள் முதன்மையான ஒன்றினுள் நுழைந்து, அங்கேயே தங்கி, அங்கேயே பெருகும் வல்லமை இக்கிருமிக்கு உண்டு. இந்த உண்மையை மனிதன் எவ்வாறு கண்டுபிடித்தான் என்பதே இன்று நாம் காணப்போகும் வரலாறு. மருத்துவர் ஏன் ஆறு மாதம் விடாமல் மருந்து உண்ணச் சொல்கிறார் என்ற கேள்விக்கும் இவ்வரலாற்றில் விடை கிடைக்கும்.

வரலாறு 1882ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு மார்ச்சு 24ஆம் நாள் பெர்லின் நகரில், உடலியல் அறிஞர்கள் கூடிய அவையில், ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் தம் கண்டுபிடிப்பை எடுத்துரைத்தார். காசநோய் பரம்பரையால் வருவது என்றும், உடல் நலிவால் வருவது என்றும் பலவாறு நம்பப்பட்டு வந்த காலம் அது. அதற்குக் காரணம் கோல் போன்ற வடிவுடைய ஒரு நுண்கிருமியே என்பதைக் காக் ஐயத்துக்கு இடமின்றி நிறுவினார். சாயமேற்றிய திசுக்களில் அக்கிருமியை அவர் அவையோர்க்குக் காட்டினார். நோயுற்ற திசுவில் காணப்படும் 'பூத அணுக்கள்' எனப்படும் பெரிய உயிரணுக்களின் உள்ளேயும் கிருமிகள் இருப்பதை அவர் குறித்து வைத்தார். அந்தச் சிறு குறிப்பின் முழுப் பொருள் விளங்கப் பல்லாண்டுகள் ஆயின.

அதே ஆண்டின் இறுதியில், பெர்லினுக்கு நெடுந்தொலைவிலுள்ள சிசிலித் தீவின் மெஸ்ஸினாத் துறைமுகத்தில் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. ஒடெஸாப் பல்கலைக்கழகப் பதவியைத் துறந்து வந்திருந்த எலீ மெச்னிகாவ் என்னும் ருஷ்ய விலங்கியலறிஞர் அங்கே தங்கியிருந்தார். ஒரு நாள் குடும்பத்தார் அனைவரும் சர்க்கஸ் பார்க்கச் சென்றுவிட்டனர். தனியே இருந்த அவர், நட்சத்திர மீனின் இளங்குஞ்சுகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடல் கொண்டவை அவை. அவற்றினுள்ளே அலைந்து திரியும் உயிரணுக்களைக் கண்டபோது, இவை உடலுக்குள் புகும் அந்நியப் பொருளை எதிர்க்கும் காவலர்களோ என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. தோட்டத்து ரோஜாச் செடியின் முட்களைப் பறித்து அக்குஞ்சுகளின் தோலுக்கடியில் செருகினார். இரவு உறக்கமில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், அலையும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்துக்கொண்டிருந்தன! அவருடைய ஊகம் பலித்துவிட்டது.

இந்த அணுக்களுக்கு என்ன பெயர் இடுவது? வியன்னா நகர விலங்கியலறிஞர் கிளவுஸ் ஒரு கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொடுத்தார். அதுவே 'ஃபாகோஸைட்' ஆயிற்று. உண்ணும் அணு என்பது அதன் பொருள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டோருக்கு இத்தகைய சொற்கள் இன்பமும் துன்பமும் ஒருங்கே தருவன. 'உண்ணும் அணு' என்றால் உண்டது செரித்தது என்ற எண்ணமும் உடன் வந்துவிடும். 'விழுங்கணு' என்றாலோ உள்ளே போனது மட்டுமே தெரியும். அதற்குப் பின் என்ன ஆயிற்று என்பது திறந்த கேள்வியாகவே நிற்கும். நாம் பின்னதையே ஏற்போம். இனி வரும் வரலாறு முழுவதும் அந்தத் திறந்த கேள்வியைப் பற்றியதே. விழுங்கணுக்களுள் உருவிற் பெரியதைப் 'பெருவிழுங்கி' என்போம். நுரையீரலின் காற்றறைகளில் காவல் புரிவது இதுவே.

மெச்னிகாவின் கொள்கையை அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர். கிருமியைக் கொல்வது குருதி நீரேயன்றி அணுக்கள் அல்ல என்றும், அணுக்கள் கிருமிகளைச் சுமந்து பரப்பவே செய்கின்றன என்றும் வாதிட்டனர். இரு கட்சியிலும் உண்மை இருந்தது. 1908ஆம் ஆண்டு நோபெல் பரிசு, அணுக்களின் கட்சியைச் சேர்ந்த மெச்னிகாவுக்கும் குருதி நீரின் கட்சியைச் சேர்ந்த பால் எர்லிக்குக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. விழுங்கணு எப்போதும் வெல்வதில்லை என்பதை மெச்னிகாவ் தாமே அறிந்திருந்தார். 1884இல் நீர்த்தெள்ளு எனப்படும் சிற்றுயிரைத் தாக்கும் ஒரு பூஞ்சையை அவர் ஆராய்ந்தபோது, சிற்சில வேளைகளில் பூஞ்சை வென்று விழுங்கணுக்களையே அழித்ததைக் கண்டார். ஆகவே, நுண்ணோக்கியில் ஓர் அணுவுக்குள் கிருமி காணப்பட்டால், அது இரையா, குடியிருப்போனா என்று எவ்வாறு அறிவது?

இந்தக் கேள்வி நீண்ட நாள் உறங்கிக் கிடந்தது. அதனைத் தட்டி எழுப்பியவை மருந்துகளே. 1948இல் இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைப் பற்றிய புகழ் பெற்ற சோதனையின் முடிவை வெளியிட்டது. மருந்து பெற்ற 55 நோயாளிகளில் ஆறு மாதத்திற்குள் இறந்தோர் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் இறந்தோர் 14 பேர். ஆயினும் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள் தலைதூக்கின. தேறியவர் பலர் மீண்டும் நோயுற்றனர். இச்சோதனையை முன்னின்று நடத்தியோருள் ஒருவர் பிலிப் டார்சி ஹார்ட். இப்பெயரை நேயர்கள் நினைவில் வைக்குமாறு வேண்டுகிறோம். பின்னர் மீண்டும் வருவார்.

1952இல் ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய ஜார்ஜ் மக்கனெஸ் என்னும் ஆஸ்திரேலியர், உடலுக்கு வெளியே வளர்த்த பெருவிழுங்கிகளுக்குக் காசநோய்க் கிருமியை ஊட்டி, பின்பு மருந்துகளைச் சேர்த்துப் பார்த்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில் இமானுவேல் சூட்டரும் இத்தகைய ஆய்வை வெளியிட்டார். விழுங்கப்பட்ட கிருமிகள் சாகவில்லை, பெருகின. வெளியே உள்ள கிருமியை அடக்கிய ஸ்ட்ரெப்டோமைசின் அணுவினுள்ளே இருந்ததிடம் வலிமை குன்றியது. ஐசோனியஸிட் என்ற புதிய மருந்தோ அணுவுக்குள்ளும் ஊடுருவித் தன் வேலையைச் செய்தது. காவலனுடைய வீட்டுச் சுவரே கள்வனுக்கு அரணாக அமைந்ததென்பது அப்போது தெளிவாயிற்று.

இந்த ஐசோனியஸிட் மருந்தின் வரலாற்றில் நம் சென்னைக்கும் ஒரு பெருமை உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. ஹார்ட் தலைமை வகித்த காசநோய் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து வாலஸ் ஃபாக்ஸ் அதனை நடத்த வந்தார். ஏழ்மையும் நெருக்கடியும் மிக்க வீடுகளைச் சேர்ந்த 193 நோயாளிகளில் ஒரு பாதியினர் சானடோரியத்திலும் மறு பாதியினர் தம் வீட்டிலும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்தை உண்டனர். மலைக் காற்றும் பாலும் முட்டையும் இன்றியே வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தனர் என்ற முடிவு 1959இல் வெளியாயிற்று. ஏழை நாடுகளின் காசநோய்ச் சிகிச்சை அன்று முதல் மாறியது. சானடோரியத்தில் இடம் தேடி அலைந்த குடும்பங்களுக்கு வாசற்கதவு தன் வீட்டிலேயே திறந்தது எனலாம்.

ஆனால், கிருமி அணுவுக்குள் எவ்வாறு உயிர் தரிக்கிறது என்ற புதிர் அப்படியே இருந்தது. அதை அவிழ்க்க, விழுங்கணு இரையைக் கொல்லும் முறையை முதலில் அறிய வேண்டும். 1955இல் பெல்ஜிய நாட்டு லூவேன் நகரில் கிறிஸ்தியான் ட டூவ், உயிரணுவினுள் செரிமான நொதிகளை அடக்கிய நுண்ணிய பைகள் இருப்பதைக் கண்டு அவற்றுக்கு லைசோசோம் என்று பெயரிட்டார். விழுங்கணு கிருமியைப் பற்றும்போது, தன் மேற்தோலையே உள்வாங்கி ஒரு பையாக்கி அதில் கிருமியை அடைக்கிறது. பின்னர் அப்பையினுள் அமிலம் சுரக்கிறது. லைசோசோம்கள் வந்து அதனோடு கலந்து தம் நொதிகளைக் கொட்டுகின்றன. இரை சிதைந்து கரைகிறது. சிறையறையும் கொலைக்களமும் ஒன்றாவது போன்ற ஏற்பாடு இது.

இங்கேதான் டார்சி ஹார்ட் திரும்ப வருகிறார். 1965இல் அவர் ஆராய்ச்சிப் பிரிவின் தலைமைப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். அப்பொறுப்பு வாலஸ் ஃபாக்ஸிடம் சென்றது. மற்றவர்கள் ஓய்வை நாடும் வயதில் ஹார்ட் ஆய்வுக்கூட மேசையை நாடினார். லண்டனை அடுத்த மில் ஹில்லில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வல்ல ஜான் ஆர்ம்ஸ்டிராங்குடன் சேர்ந்து, எலியின் பெருவிழுங்கிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். லைசோசோம்களை அடையாளம் காண ஃபெரிட்டின் என்னும் இரும்புப் புரதத்தால் அவற்றைக் குறியிட்டனர். பின்பு, உயிருள்ள கிருமிகளையும் இறந்த கிருமிகளையும் தனித்தனியே ஊட்டினர். இறந்த கிருமி இருந்த பையோடு லைசோசோம்கள் கலந்தன. உயிருள்ள கிருமி இருந்த பையை அவை பெரும்பாலும் அணுகவேயில்லை! 1971இல் இம்முடிவு வெளிவந்தபோது ஹார்ட் எழுபது வயதை எட்டியிருந்தார். கிருமி சிறைப்பட்டதுபோல் நடித்து, சிறையதிகாரி அறைக்குள் வாராமல் உள்ளிருந்தே தாழிட்டுக்கொண்டது என்பதை உலகம் அன்றுதான் கண்ணாரக் கண்டது. 1975இல் இவ்விருவரும் மேலும் ஒன்று கண்டனர். கிருமியை எதிர்ப்பொருளால் பூசி ஊட்டினால் லைசோசோம்கள் வந்து கலந்தன. ஆயினும் கிருமிகள் எளிதில் சாகவில்லை. கள்வனிடம் தாழ்ப்பாள் மட்டுமன்று, கவசமும் இருந்தது.

எலியிடம் கண்டது மனிதனிடமும் மெய்யாகுமா? இதனைத் தேடுவோர் பெரும்பாலும் டாக்டர் பட்டம் பெற்று, நிலையான பதவி கிட்டுமுன் சில ஆண்டுகள் பெரிய ஆய்வுக்கூடங்களில் பணிபுரியும் இளம் ஆராய்ச்சியாளர்களே. அவர்களுடைய அன்றாட வேலை வெளியாருக்குத் தெரிவதில்லை. தானம் பெற்ற மனித இரத்தத்திலிருந்து ஒருவகை வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் தட்டில் ஒட்டவைத்து வளர்த்தால், ஒரு வாரமளவில் அவை பெருவிழுங்கிகளாக முதிர்கின்றன. காற்று வெளியே கசியாதவாறு அமைத்த தனியறையில், கவசமும் முகமூடியும் அணிந்து, அவற்றுக்குக் கிருமியை ஊட்ட வேண்டும். சாதாரணக் குடற்கிருமி இருபது நிமிடத்தில் இரண்டாகிறது. காசநோய்க் கிருமி இரண்டாக ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. எனவே ஒரு சோதனையில் எத்தனை கிருமி பிழைத்தது என்று எண்ணவே மூன்று, நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். பொறுமையே இங்கே முதற்கருவி. இத்தகைய உழைப்பின் பயனாக, மனிதப் பெருவிழுங்கிக்குள்ளும் கிருமியின் பை முதிர்ச்சியடையாமல் தடுத்து நிறுத்தப்படுகிறது என்பதை 1995இல் காலிபோர்னியாவில் கிளெமன்ஸும் ஹார்விட்ஸும் காட்டினர்.

கிருமி கையாளும் சூழ்ச்சிகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. அதன் மேலோட்டிலுள்ள கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த ஒரு பொருள், லைசோசோம்களை அழைக்கும் அடையாளக் குறிகளைக் குழப்புகிறது. அது வெளியிடும் ஒரு நொதி, அமிலம் சுரக்கும் இயந்திரத்தைப் பைக்கருகே வரவொட்டாமல் தடுக்கிறது. வேறொரு புரதத் தொகுதி, பையின் சுவரையே துளைக்க உதவுகிறது. காசநோய்த் தடுப்புக்கு நம் குழந்தைகளுக்கு இடப்படும் பி.சி.ஜி. ஊசியை நேயர்கள் அறிவர். கால்மெட், கெரான் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 1921 வரை 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து அதனைப் பழக்கினர். அது ஏன் சாதுவாயிற்று என்பது அவர்களுக்குத் தெரியாது. சுவரைத் துளைக்கும் அத்தொகுதிக்குரிய மரபணுப் பகுதியை அக்கிருமி இழந்துவிட்டதே அதற்குப் பெருங்காரணம் என்பது முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே விளங்கியது.

இவ்விடத்தில், பிற மாநிலங்களில் வாழும் நமக்கு உவகை தரும் பெயர் ஒன்று வருகிறது. சிதம்பரத்தில் பிறந்த நோபெல் அறிஞர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் தங்கை லலிதா ராமகிருஷ்ணன், பெற்றோர் விஞ்ஞானப் பணி ஆற்றிய பரோடாவில் வளர்ந்து, அங்கேயே மருத்துவம் பயின்றவர். பின்னர் அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்று, ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி ஃபால்கோவின் ஆய்வுக்கூடத்தில் பட்டத்திற்குப் பிந்திய ஆராய்ச்சியில் ஈடுபட்டார். காசநோய்க் கிருமி மெல்ல வளர்வதும், அதைக் கையாள்வதில் ஆபத்து மிகுதியாயிருப்பதும் ஆராய்ச்சிக்குத் தடை. ஆதலால் அதன் உறவுக் கிருமியாகிய, மீன்களைத் தாக்கும் ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். விரைவில் வளர்வது அது. காசநோய்க் கிருமியைப்போலவே விழுங்கணுவுக்குள் தங்கக்கூடியது.

இளம் ஆராய்ச்சியாளராக அவர் செய்த அந்தத் தேர்வு பின்னாளில் பெரும் பயன் தந்தது. வரிக்குதிரை மீன் என்ற சிறு மீன் நம் நாட்டுக் கங்கைச் சமவெளியின் நீர்நிலைகளிலும் வாழ்வது. அதன் குஞ்சு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடல் கொண்டது. உயிருள்ள குஞ்சினுள்ளே கிருமியும் பெருவிழுங்கியும் பொருதுவதை அவருடைய குழுவினர் நேரே கண்டனர். மெஸ்ஸினாவில் மெச்னிகாவ் நட்சத்திர மீன் குஞ்சில் பார்த்த அதே அலையும் அணுக்கள், நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் மற்றொரு தெளிந்த உடலில் மறுபடியும் காட்சி தந்தன. இம்முறை காட்சியின் பொருள் வேறு. நோய்க் கிருமியைச் சுற்றி விழுங்கணுக்கள் கூடி உருவாக்கும் கட்டி, கிருமியை அடைத்து வைக்கும் மதில் என்றே நெடுங்காலம் கருதினோம். டேவிஸும் ராமகிருஷ்ணனும் 2009இல் வெளியிட்ட ஆய்வோ, நோயின் தொடக்கத்தில் அக்கட்டி கிருமிக்கே துணை போவதைக் காட்டியது. கிருமி நிறைந்த பெருவிழுங்கி ஒன்று சாகிறது. புதிய பெருவிழுங்கிகள் ஓடிவந்து அதன் எச்சத்தை விழுங்குகின்றன. விழுங்கியவை தாமும் கிருமிக்கு வீடாகின்றன. அவற்றுட் சில வேறிடம் சென்று புதுக் கட்டிகளுக்கு வித்திடுகின்றன. இவ்வாறு காவலரை வரவழைப்பதற்கு, பி.சி.ஜி. இழந்த அந்த மரபணுப் பகுதியே கிருமிக்குக் கைகொடுக்கிறது.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டுவதில்லை. மக்கனெஸ் 1960களில் காட்டிய மற்றோர் உண்மையும் உண்டு. உடலிலுள்ள வேறு வெள்ளணுக்கள் தூண்டினால், சோர்ந்திருந்த பெருவிழுங்கி வீறுகொண்டு எழுகிறது. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இக்கிருமியால் தொற்றப்பட்டவர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவருள் வாழ்நாளில் நோயுறுவோர் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரே. எஞ்சியோர் உடலில் காவல் வென்றே நிற்கிறது. ஊட்டக் குறைவு, நீரிழிவு, எச்.ஐ.வி. தொற்று ஆகியவை அக்காவலைத் தளர்த்தும்போதுதான் கள்வன் கை ஓங்குகிறது.

இனி, ஆறு மாதக் கேள்விக்கு வருவோம். சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் இருமல் அடங்குகிறது, காய்ச்சல் தணிகிறது, பசி எடுக்கிறது. வெளியே விரைந்து பெருகிய கிருமிகள் அப்போது பெரும்பாலும் மடிந்துவிட்டன. ஆனால், பெருவிழுங்கிகளினுள்ளும் கட்டிகளினுள்ளும் மெல்ல உயிர்த்து ஒடுங்கிக் கிடக்கும் சில கிருமிகள் மருந்துக்கு எளிதில் மசிவதில்லை. அவற்றை நாடிச் செல்லவே நீண்ட சிகிச்சை வேண்டும். அமிலச் சூழலில் வல்லமை காட்டும் பைரஸினமைடும், ஒடுங்கிய கிருமியையும் தாக்கும் ரிஃபாம்பிசினும் சேர்ந்த பின்னரே, ஒன்றரை ஆண்டுச் சிகிச்சை ஆறு மாதமாகக் குறைந்தது. 1970களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் இதனை மெய்ப்பித்த சோதனைகளிலும் நம் சேத்துப்பட்டு வாலஸ் ஃபாக்ஸின் கை இருந்தது.

உலகின் காசநோயாளருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். தொழில் தேடி மாநிலம் விட்டு மாநிலம் செல்வோர், ஒரே அறையில் பலர் தங்குவோர், பருவத்திற்கொருமுறை ஊர் மாறுவோர் ஆகியோரிடையே சிகிச்சை பாதியில் நின்றுபோவது எளிது. மும்பையில் தொடங்கிய மருந்து, பொங்கலுக்கு ஊர் செல்லும் இரயிலில் மறக்கப்படுகிறது. திரும்பி வேறு நகரில் வேலை கிடைத்தால் பழைய சீட்டு பெட்டியின் அடியில் கிடக்கிறது. உடம்பு நன்றாயிருக்கிறதே என்ற நம்பிக்கை வேறு. அந்நேரத்தில் காவலன் வீட்டில் ஒளிந்திருப்பவன் மருந்துக்கு அடங்காத வடிவில் வெளிவரக்கூடும். அரசாங்கத் திட்டத்தில் மருந்துக்குக் கட்டணமில்லை; ஓரூரில் பதிவு செய்த சிகிச்சையை வேறூருக்கு மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. ஊர் புறப்படுமுன் சிகிச்சை நிலையத்தில் ஒரு சொல் சொன்னால் போதும்.

மெச்னிகாவின் ரோஜா முள் முதல் மீன்குஞ்சு வரை, நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ச்சியாளர் தேடியது கள்வன் ஒளியும் அறையைத்தான். அறை இன்னதென்று தெரிந்துவிட்டது. அங்கே சென்று சேரும் மருந்தும் நம் கையில் இருக்கிறது. கடைசி மாத்திரை வரை அதனை உண்டு முடிப்பது மட்டும் ஆய்வுக்கூடத்தில் நடவாது. நம் வீட்டில்தான் நடக்க வேண்டும்.